ஆலசியம்

ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே
வெங்கமாம்பா டிபன் சென்டரில்
ஒரு பெசரட்டுக்கு நாற்பத்தேழு நிமிடம்.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
தண்ணீர் டம்ளர் மூன்று முறை நிரம்பியது,
கேட்காமலே.
எனக்குப் பின்னால் வந்த
திருப்பதி மொட்டைகள் ஆறு பேர்
தின்று, கைகழுவி, ஏப்பம் விட்டுப் போயாயிற்று.
சத்தியவேடு பஸ் ஒன்று போயிற்று.
இன்னொன்று, ஜன்னலோரம் காலியாக,
அதுவும் போயிற்று.

பெசரட்டு நன்றாகத்தான் இருந்தது.
அதுதான் சிக்கல்.
கோபத்தில் பாதியை
இஞ்சிச் சட்னி தின்றுவிட்டது.

மீதிப் பாதியோடு கல்லாவுக்கு நடந்தேன்.
எனக்கு முன்னால் நின்றவர், உரக்கடைக்காரர் போல,
இதெல்லாம் ஒரு கடையா என்று ஆரம்பித்து
உங்கப்பா காலத்தில் என்று முடித்தார்.
சுகுணம்மா உள்பக்கம் திரும்பி
"ரேய் பெஞ்சலய்யா" என்றாள்.
அவ்வளவுதான், மேலே ஒரு சொல் இல்லை.
பையன், துடைத்து முடித்த மேசையையே
இன்னொரு தடவை துடைத்தான்.
உரக்கடைக்காரர் கைநிறைய சோம்பு அள்ளிக்கொண்டு
ஜெயித்துப் போனார்.

சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பான்
என் மைத்துனன் குப்புராஜு.
சொந்தத் தங்கை கல்யாணத்திலேயே
பாயசத்தைத் திருப்பி அனுப்பியவன்.

நான் பத்திரம் எழுதுகிறவன்.
தெலுங்குக் கிரயத்தைத் தமிழிலும்
தமிழ் வில்லங்கத்தைத் தெலுங்கிலும்
முப்பது வருஷமாய் மாற்றி வைக்கிறேன்;
ஒரு சொல் பிசகினால் அரை ஏக்கர் போய்விடும்.
ஆகவே வரிசையில் நின்றபடியே வரைவு போட்டேன்.
ஆலசியம் என்று தமிழில் சொன்னால்
யாரோ ஒருவர் சோம்பேறி ஆகிவிடுவார்.
சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அதே சொல்
நேரமாகிவிட்டது, அதற்கு மேல் ஒன்றுமில்லை,
மழை வந்தது போல.
லேட் என்றால் இரண்டு பக்கமும் செல்லும்,
ஆனால் அதற்குக் கைநாட்டு வைக்க ஆள் வரமாட்டான்.
எனக்கு வேண்டியது வேறொன்று:
சோம்பேறி என்று சொல்லாமல்,
மழை என்றும் விட்டுவிடாமல்.

"எலா உந்தி சார்?" என்றாள் சுகுணம்மா,
பில்லைக் குத்தூசியில் செருகிக்கொண்டே.
"பாகுந்தி" என்றேன்.

தொண்ணூற்றைந்து ரூபாய். நூறைக் கொடுத்தேன்.
ஐந்து ரூபாய்க்குப் பதில்
நீலத்தாள் சுற்றிய மிட்டாய் இரண்டைத்
தட்டில் போட்டாள்.

அப்போதுதான் வந்தது,
நாற்பத்தேழு நிமிடமும் இரண்டு பஸ்ஸும் ஆறு மொட்டைகளும்
மொத்தமாக, உரக்க, தமிழில்,
ஐந்து ரூபாய் என்ற தலைப்பில்.
மிட்டாய் என்ன சர்க்கார் நாணயமா என்றேன்.
நாளைக்கு நானும் ஒரு கூடை மிட்டாயோடு வந்து
சாப்பிட்டுப் போகட்டுமா என்றேன்.
சாம்பாரில் விட்ட கைகள் அப்படியே நின்றன.
சுகுணம்மா டிராயரை முழுக்க வெளியே இழுத்துக் காட்டினாள்:
நோட்டுகள், ரப்பர் பேண்டு,
மூலையில் சாய்ந்தபடி ஒரு சின்ன வெங்கடாசலபதி.

பெஞ்சலய்யா வந்தான்.
ஈரக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு
ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை
மிட்டாய்க்குப் பக்கத்தில் வைத்தான்.
அன்று அந்தக் கடையில்
கேட்டவுடன் வந்தது அது ஒன்றுதான்.
யாரோ தட்டோரம் விட்டுப்போன காசாக இருக்கும்.
எடுத்திருக்கக் கூடாது.
எடுத்துக்கொண்டேன்.
மிட்டாயையும்.

சாவடி தாண்டும்போது
கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி கேட்டார்,
சில்லற உந்தா?
பைக்குள் அது இன்னும் ஈரமாக இருந்தது.
லேது என்றேன்.